அம்மா பார்த்த என் நிறங்கள்

அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு வட்டம். வட்டத்துக்குள் சிறிதும் பெரிதுமாகப் புள்ளிகள், சாயம் போட்ட ஜவ்வரிசியைத் தட்டில் பரப்பி வைத்ததுபோல.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மருத்துவர் முதல் பக்கத்தை என் பக்கம் திருப்பி, "என்ன நம்பர் தெரியுது?" என்றார்.

"பன்னிரண்டு சார்."

அடுத்த பக்கத்தைத் திருப்பினார். புள்ளிகள் இருந்தன. எண் எதுவும் இல்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். வெளிச்சம் சரியாக விழவில்லையோ என்று நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன்.

"இது வெறும் பக்கம் போல சார்."

அவர் அடுத்ததைத் திருப்பினார். அதற்கடுத்ததை இன்னும் மெதுவாக. பிறகு புத்தகத்தை மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"நீங்க பார்த்த எல்லாப் பக்கத்துலயும் நம்பர் இருக்கு தம்பி," என்றார்.

ரயில் ஓட்டுநர் வேலைக்கான மருத்துவப் பரிசோதனை அது. எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். அப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம். வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். சென்னை, பாடியில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வாழ்நாள் முழுவதும் ஓரிடத்தில் நின்று ஒரே இயந்திரத்தை ஓட்டியவர், தன் மகன் நகர்கிற ஒன்றை ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, மாதா கோவிலுக்கு உடுத்தும் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்திருந்தார். மடியில் எலுமிச்சை சாதப் பை.

மருத்துவர் நல்ல மனிதர். அப்பாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். சிவப்பும் பச்சையும் எனக்குச் சரியாகப் பிரிந்து தெரியவில்லை, பிறவியிலேயே வருவது, கண்ணுக்கு வேறு எந்தக் குறையும் கிடையாது, ரயில் மட்டும் ஓட்ட முடியாது.

"இது எதனால சார் வருது?" என்று அப்பா கேட்டார்.

"பசங்களுக்கு அம்மா வழியா வர்றதுங்க. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

அப்பா தலையாட்டினார். அந்த ஒற்றை வாக்கியம் எங்கள் வீட்டில் எத்தனை வருடம் தங்கப்போகிறது என்று எங்கள் மூவரில் யாருக்கும் அப்போது தெரியாது.

பிளாட்பாரத்தில்

திரும்பி வந்து அம்பத்தூரில் இறங்கினோம். வீட்டுக்குப் போகாமல் அப்பா பிளாட்பாரத்தின் கடைசி வரை நடந்துபோய் அங்கே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஆவடிப் பக்கமாக ஒரு சிக்னல் கம்பம் தெரிந்தது.

"சாமு, அந்த லைட்டு இன்னா கலருடா?"

"சிவப்பு."

"எப்டி சொல்ற?"

"கீழ எரியுதுப்பா. கீழ எரிஞ்சா சிவப்பு."

அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மின்சார ரயில் வந்து நின்று, கூட்டத்தை இறக்கிவிட்டுப் போனது. அவர் சாதப் பையைப் பிரித்தார்.

"சரி வுடு நைனா. ரயிலு இல்லன்னா இன்னொண்ணு. துன்னு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. ஊறுகாயை என் பக்கம் அதிகமாக வைத்தார். வருத்தம் இருந்திருக்கும். ஆனால் அதைத் தண்டவாளத்தோடு விட்டுவிட்டுத்தான் எழுந்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

அம்மா அப்படி இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா நடந்ததை நடந்தபடியே சொன்னார். எதையும் மறைக்கத் தெரியாதவர். அம்மா வழியாக வருவதாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப நா குடுத்ததா?"

"யாரும் குடுக்கல. டாக்டரு அப்டி சொல்லல," என்றார் அப்பா.

"எங்கப்பாவுக்கு இருந்துது," என்றாள் அம்மா, எங்களிடம் இல்லை, மடியில் இருந்த துண்டிடம். "தக்காளி வாங்கினு வரச் சொன்னா பாதி காயா வாங்கினு வருவாரு. எல்லாரும் திட்டுவோம். கவனம் இல்லன்னு திட்டுவோம்."

மீதித் துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன்பின் அந்தப் பேச்சை யார் எடுத்தாலும், எடுத்த இடத்திலேயே எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். அடுக்களையில் எப்போதும் அவளுக்கு ஒரு வேலை இருக்கும்.

கோமதியின் விரல்

உண்மையில் என் கண்ணை முதலில் கண்டுபிடித்தவள் கோமதி. அது கண்டுபிடிப்பு என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

எங்கள் கல்லூரி திருமழிசையைத் தாண்டி, நெடுஞ்சாலையில் பஸ் நிற்காமல் வேகம் மட்டும் குறைக்கிற ஒரு நிறுத்தத்தில் இருந்தது. ஒரு பக்கம் தொழிற்பேட்டைக் கூரைகள், மறு பக்கம் வயல். எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் கோமதியும் நானும் ஒரே மேசை. அவள் தென்காசிப் பக்கத்துப் பெண், விடுதியில் தங்கிப் படித்தாள்.

ரெசிஸ்டர் என்று ஒரு சின்ன உருப்படி உண்டு. அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் உடம்பில் வளையம் வளையமாக நிறங்கள் இருக்கும். பழுப்பு என்றால் ஒன்று, சிவப்பு என்றால் இரண்டு, பச்சை என்றால் ஐந்து. வளையங்களைப் படித்தால் அது எவ்வளவு மின்சாரத்தைத் தடுக்கும் என்று தெரிந்துவிடும். நான் படித்தால் மட்டும் எதுவுமே தெரியாது. நான் இணைத்த சுற்று ஒன்று ஒரு நாள் புகைந்தது. வறுத்த பிளாஸ்டிக் வாசனை ஆய்வகம் முழுக்கப் பரவியது.

"ஏல, அது பச்சைல்லா. நீ என்னத்துக்குப் பழுப்புன்னு எழுதிருக்க?" என்றாள் கோமதி.

"இந்த டியூப்லைட்டுல எவனுக்குத் தெரியும்?"

அவள் மேலே டியூப்லைட்டைப் பார்த்தாள். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் நான் சொன்னதை நம்பினாள். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. நான் ரெசிஸ்டரைக் கையில் எடுத்ததும், கேட்காமலேயே அவள் விரலை நீட்டி வளையங்களைத் தொட்டு, "சிவப்பு, சிவப்பு, பழுப்பு," என்று முணுமுணுப்பாள். நான் கணக்குப் போடுவேன். கணக்கு அவளுக்கு வராது, நிறம் எனக்கு வராது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு நல்ல மாணவன்.

பரிசோதனை முடிந்த மறுநாள் அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் டப்பாவிலிருந்து ஒரு ரெசிஸ்டரை எடுத்து என் முன்னால் வைத்து, "இது உனக்கு எப்படித் தெரியுதுன்னு சொல்லு, அப்படியே சொல்லு," என்றாள்.

யாரும் அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சொல்லத் தொடங்கியதும்தான் எனக்கே தெரிந்தது, என்னிடம் அதற்குச் சொற்களே இல்லை என்று. நான் பச்சை என்று சொல்வது பிறர் சொல்லிக்கொடுத்த பச்சை. இலை பச்சை, ரத்தம் சிவப்பு என்று பள்ளியில் மனப்பாடம் செய்துகொண்டேன். மற்றவர்களும் அப்படித்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"எழுதிப் பாரேன்," என்றாள் கோமதி. "பேசுனா உனக்கு வரமாட்டேங்கு."

பழுப்பு

அப்படித்தான் என் வலைப்பூ பிறந்தது. அப்போது வலைப்பூ எழுதுவது ஒரு காய்ச்சலாக இருந்தது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். பலகைத் தடுப்பு, எண்ணெய் படிந்த விசைப்பலகை, எந்த நேரமும் பக்கத்து அறையில் யாரோ ஒருவர் வெளிநாட்டில் இருப்பவரிடம் உரக்கப் பேசும் சத்தம். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் மென்பொருளை அங்கேதான் முதலில் பார்த்தேன். 'அம்மா' என்று அடித்து, அது திரையில் தமிழாக விழுந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது சிரமம்.

வலைப்பூவுக்குப் 'பழுப்பு' என்று பெயர் வைத்தேன். உலகத்தில் பாதி எனக்கு அந்த நிறம்தான்.

எழுதுவதற்காகப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. கண்ணுக்குள் நிறத்தை உணர மூன்று வகைச் செல்கள் இருக்கின்றன, எனக்கு அதில் ஒரு வகை கோளாறு. நாய்க்கும் ஏறக்குறைய என்னைப் போலத்தான் தெரியுமாம். தேனீக்குச் சிவப்பு தெரியாது, ஆனால் மனிதர் யாருக்கும் தெரியாத ஒரு நிறம் அதற்குத் தெரியும். பூவின் இதழில் நம் கண்ணுக்குப் படாத கோடுகளைப் பார்த்துக்கொண்டுதான் அது தேனுக்கு இறங்குகிறது. அந்தப் புள்ளிப் புத்தகத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. சில பக்கங்களில் உள்ள எண் எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நல்ல கண் உள்ளவர்களுக்கு அங்கே வெறும் புள்ளிகள்.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸைப் பற்றி எழுதியதைத்தான் நிறையப் பேர் படித்தார்கள். உலகமே அந்த மாதத்தில் சிவப்பையும் பச்சையையும் தேர்ந்தெடுத்துத் தொங்கவிடுகிறது. எனக்கு மட்டும் இயேசு பிறந்தநாள் ஒரே நிறத்தில் வருகிறது என்று எழுதியிருந்தேன். முகம் தெரியாத ஒருவர், தன் மகனுக்கும் இப்படித்தான், அவன் வரைந்த பழுப்புநிற மரங்களைப் பார்த்து இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன், இனி பயப்படமாட்டேன் என்று கீழே பின்னூட்டம் போட்டிருந்தார்.

இத்தனையும் நான் எழுதியது ஒருவருக்காக. அவர் மட்டும் படிக்கவில்லை.

அம்மாவுக்குக் கணினி தெரியாது. அச்செடுத்துக்கொண்டு வந்து படித்துக்காட்ட முயன்றேன். ஆண்பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்துதான் வந்தாக வேண்டும், அம்மா அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை என்ற இடத்துக்கு வருவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"பாலு பொங்குது," என்றாள். அடுப்பில் பால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையார் தலைகுனிந்து ஜெபிக்கும் நேரத்தில், பெண்கள் வரிசையில் அம்மாவின் உதடு அசைவதை எட்டிப் பார்ப்பேன். என் பெயர் அந்த உதட்டில் இருப்பது தூரத்திலிருந்தே தெரியும். எதற்காக என்றும் தெரியும்.

வேலை செய்யாத செயலி

பிறகு காலம் அதன் வேலையைப் பார்த்தது. எனக்கு மென்பொருள் வேலை கிடைத்தது. திருமணம் ஆனது. மனைவி, மகளோடு கோவில்பதாகையில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனேன். அப்பா ஓய்வு பெற்றார். அவரும் அம்மாவும் அம்பத்தூரிலேயே இருக்கிறார்கள். ஞாயிறு மதியம் அங்கேதான் சாப்பாடு. வலைப்பூ என்ற சொல்லே ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. 'பழுப்பு' மட்டும் இணையத்தின் ஏதோ மூலையில் தூசி படிந்து கிடக்கிறது.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதியிடமிருந்து செய்தி வந்தது. அவள் இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி ஆசிரியை. "இந்தச் செயலியை இறக்கிப் பாரு. உன்னப் போல உள்ளவங்களுக்கு உலகம் எப்படித் தெரியும்னு கேமரால காட்டுமாம்," என்று எழுதியிருந்தாள்.

அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இறக்கினேன். மனைவியும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். அப்பா நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். அம்மா தரையில் அமர்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தட்டில் தக்காளி, கேரட், கொத்தமல்லி.

கேமராவைத் தட்டின் பக்கம் திருப்பிப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் மாறவில்லை. மறுபடி அழுத்தினேன். அதே தட்டு. கைப்பேசியை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அதே தட்டு.

"இது ஓடலம்மா," என்றேன், யோசிக்காமல். "நீ கொஞ்சம் பாரேன். இந்தப் பட்டனை அமுக்கினா எதாவது மாறுதா?"

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கினாள். அழுத்தினாள்.

"இன்னாடா இது," என்றாள். "தக்காளிலாம் இன்னாடா இப்டி ஆயிட்சு."

கைப்பேசிக்கு மேலாகத் தட்டைப் பார்த்தாள். மறுபடி கைப்பேசிக்குள் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செயலி நன்றாகத்தான் ஓடுகிறது. எனக்குத்தான் இரண்டும் ஒன்று.

"இன்னாத்துக்கு இது?" என்று கேட்டாள்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் வாயில் வரவில்லை.

"என் கண்ணும்மா. எனக்கு இப்படித்தான் தெரியும்."

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போவாள் என்று காத்திருந்தேன். அவள் போகவில்லை. கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தட்டுக்கு இன்னும் கிட்டே குனிந்தாள்.

"இது மஞ்சாவாக் கீதே."

"ஆமா. எனக்குப் பழுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவுல."

"மஞ்சா தெரியுமா உனக்கு?"

"நல்லாத் தெரியும்மா."

"நீலம்?"

"அதுவும் தெரியும்."

அம்மா கைப்பேசியை மடியில் வைத்தாள். முகம் என்னென்னவோ ஆனது.

"நா இத்தினி வருசமா," என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "எல்லாமே கருப்பு வெள்ளைன்னு நெனச்சிகினு இருந்தேன்டா. அந்தக் காலத்து டிவி மாரி. எம் புள்ளைக்கு ஒரு கலரும் கெடையாதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

மடியிலிருந்த கைப்பேசியை முந்தானையால் துடைத்தாள்.

"உங் கல்யாணத்தன்னிக்கு அவ அரக்கு கலர்ல பட்டு கட்டிகினு வந்தாளே. கோயில்ல எல்லாரும் பொண்ணையே பாக்கறாங்க. நா உன்னியே பாத்துகினு இருந்தேன். இவனுக்குச் சாம்பலாத்தான தெரியும், ஏமாந்து போவானேன்னு."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

"எப்டிடா கேப்பேன். நா குடுத்தது."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்தப் புடவை எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொன்னேன். அது அரக்கு இல்லைதான். நன்றாகக் காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி, அடர்த்தியாக, ஒரு பளபளப்போடு இருந்தது. ஜரிகை தனியாகத் தெரிந்தது. அழகாக இருந்தது. சாம்பல் எங்கேயும் இல்லை.

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

டிரம், ஆட்டோ, வானம்

அதன்பின் அம்மா அந்தக் கைப்பேசியைத் தரவே இல்லை. எழுந்து வாசலுக்குப் போனாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன்.

வாசலில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீல டிரம்மைப் பார்த்தாள்.

"டிரம்மு அப்டியே கீது."

எதிர் வீட்டு முன்னால் நின்ற மஞ்சள் ஆட்டோவைப் பார்த்தாள். "ஆட்டோவும் அப்டியே கீது." மதில்மேல் படர்ந்திருந்த காகிதப் பூச்செடிக்குக் கைப்பேசியை நீட்டி, "இதுதான் பாவம், சோர்ந்து போயிட்சு," என்றாள். பூவுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, கைகளை உயர்த்தி, கைப்பேசியை வானத்துக்குக் காட்டினாள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அது. மேகம் இல்லாமல் கழுவி விட்டதுபோல இருந்தது வானம்.

நெடுநேரம் அப்படியே நின்றாள். பொத்தானை அமுக்கிப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள்.

"வானம் ஒண்ணும் மாறல," என்றாள். "சாமு, வானம் உனக்கு முழுசாக் கீதுடா."

"ஆமாம்மா."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. எதிர் வீட்டு அக்கா காய்ந்த துணியோடு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா ஆச்சு ஆயா?" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா. எங்க புள்ள கண்ணு நல்லாத்தான் கீதாம்," என்றாள். அந்த அக்காவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

உள்ளே வந்து உட்கார்ந்ததும், முகத்தைக் காட்டுகிற கேமராவுக்கு எப்படி மாற்றுவது என்று கேட்டாள். மாற்றிக் கொடுத்தேன். கையை நீட்டி, தன் முகத்தையே பார்த்தாள். நெற்றியில் விழுந்த நரைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். இப்படித் திரும்பிப் பார்த்தாள், அப்படித் திரும்பிப் பார்த்தாள்.

"மஞ்சாப் பூசின மாரி கீறேன்," என்றாள் மெதுவாக. "நலங்கு வெச்சாங்களே எனக்கு, அன்னிக்கு மாரி."

"எனக்கு நீ எப்பவும் இப்படித்தான்."

"பொறந்ததுலேர்ந்தா?"

"பொறந்ததுலேர்ந்து."

அவள் தலையாட்டினாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"இந்தாங்க, பேப்பர வெச்சிட்டு இப்டி வாங்க. எம் புள்ள கண்ணுல நா எப்டி கீறேன்னு வந்து பாருங்க."